ஒரு பீரங்கி போதும்

கேள்வி: பட்டர்வொர்த்தில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடத்துகிறேன். ஐந்து முதல் ஒன்பது வயது வரை இருபது பேர். பள்ளி விடுமுறையில் அவர்களைப் பினாங்கு கார்ன்வாலிஸ் கோட்டைக்கு அழைத்துச் சென்று, கதை சொல்லி, ஒரு கைவேலையும் செய்யவைக்க ஆசை. எப்படித் திட்டமிடுவது?

பதில்: என் தோல்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஜார்ஜ்டவுனின் பழைய கட்டடம் ஒன்றில், பினாங்கில் ஆங்கிலேயக் குடியேற்றத்தைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட் 1786-இல் வந்திறங்கியதில் தொடங்கி நாற்பது நிமிடம் முழங்கினேன். பாதிக் கதையில் பிள்ளைகள் ஓர் எறும்பு வரிசையின் பின்னால் போய்விட்டார்கள். எறும்பு கண்ணெதிரே இருந்தது, பிரான்சிஸ் லைட் இல்லை. பிள்ளை தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரே பொருளை எடுத்துக்கொண்டு, அதிலிருந்தே கதையையும் கைவேலையையும் பிறக்கவையுங்கள். கோட்டையின் வரலாறு முழுவதையும் சொல்ல முயல வேண்டாம்.

உங்களுக்கு நான் கைகாட்டுவது கோட்டையில் இருக்கும் ஸ்ரீ ரம்பாய் பீரங்கியை. 1603 என்று ஆண்டு பொறித்த டச்சுப் பீரங்கி அது. ஜொகூர் சுல்தானுக்குப் பரிசாகப் போனது. 1613-இல் சுமத்ரா தீவின் ஆச்சே அரசுப் படை அதைக் கவர்ந்து சென்றது. 1795-இல் சிலாங்கூருக்குக் கைமாறியது. 1871-இல் பிரிட்டிஷார் அதை எடுத்துக்கொள்ள, கடைசியில் பினாங்கு வந்து சேர்ந்தது. இதைப் பீரங்கியே பேசுவதுபோலச் சொல்லுங்கள்: "என்னை யாரும் கேட்கவே இல்லை, தூக்கிக்கொண்டு போனார்கள்!" ஊர் மாறும்போதெல்லாம் பிள்ளைகள் சேர்ந்து "ஏலேலோ" என்று இழுக்கட்டும். பன்னிரண்டு நிமிடம் போதும். அதன் வாயில் பூ வைத்துப் பிள்ளை வரம் கேட்ட பெண்களைப் பற்றி யாராவது பெரியவர் சொல்லியிருந்தால், குழந்தைகள் அதையும் கேட்பார்கள். நம்பிக்கை என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

கைவேலையும் அதே கதைதான். காகிதச் சுருளின் நடுவில் இருக்குமே, அந்த அட்டைக் குழாயை ஆளுக்கொன்று கொடுங்கள். ஜொகூருக்கு ஒரு நிற நூல், ஆச்சேவுக்கு வேறொன்று, சிலாங்கூர், பினாங்கு என நான்கு வளையங்கள் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் வளையத்தைத் தொட்டுத் தொட்டு அவர்களே கதையைச் சொல்வார்கள். பெரிய பிள்ளைகள் சீக்கிரம் முடித்துவிடுவார்கள். அவர்களுக்கு ஐஸ்கிரீம் குச்சிகளைக் கொடுத்து வேலி கட்டச் சொல்லுங்கள். லைட் கட்டிய முதல் கோட்டை நிபோங் பனைமரக் கட்டைகளால் ஆன வேலிதான். செங்கல் சுவர் பின்னால் வந்தது.

அந்தச் செங்கல்லைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் வராதீர்கள். 1804 முதல் அதைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். நம் பிள்ளைகளுக்கு லைட்டின் பெயரை விட இது நெருக்கமானது. "இங்கே போர் நடந்ததா?" என்று கட்டாயம் ஒருவன் கேட்பான். நடக்கவே இல்லை. எதிரி வரவில்லை, கொசுதான் வந்தது. மலேரியா பரவியதால் 1920-களில் அகழியையே மூடிவிட்டார்கள். ஏமாந்த முகத்தில் சிரிப்பு வரும்.

கைவேலைக்குச் சாயம், திரவப் பசை, தண்ணீர் மூன்றும் வேண்டாம். பழைய செங்கல்லில் சிந்தினால் எளிதில் போகாது. சுவரில் காகிதம் வைத்துத் தேய்த்துப் படம் எடுக்கும் விளையாட்டையும் அங்கே தவிருங்கள். ஆசைப்பட்டால் ஐம்பது சென் நாணயத்தில் செய்யட்டும்.

காலையில், கோட்டை திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். பத்தரைக்கு மேல் பீரங்கியைத் தொட்டால் கை சுடும், மதியத்துக்கு மேல் மழையை நம்ப முடியாது. பட்டர்வொர்த் படகுத்துறையிலிருந்து போகும் படகுப் பயணமே பாதிக் கொண்டாட்டம், அதைப் பஸ்ஸுக்கு விட்டுக்கொடுக்காதீர்கள். இருபது பிள்ளைகளுக்கு நான்கு பெரியவர்களாவது வேண்டும். மதில் பத்தடி உயரம் இருக்கும், ஏறத் துடிப்பார்கள். ஆகவே ஒருவர் படி அருகிலேயே நிற்கட்டும்.

நிர்வாகத்துக்கு முன்கூட்டியே கடிதம் எழுதுங்கள். நிழலில் உட்கார இடம் உண்டா, குழுவுக்குக் கட்டணம் எவ்வளவு என்று அதிலேயே கேட்டுவிடுங்கள். அகழியை மீட்கும் வேலை அண்மை ஆண்டுகளில் நடந்திருக்கிறது, ஆகவே எந்தப் பகுதியாவது மூடியிருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். குழாய்களை இப்போதே சேர்க்கத் தொடங்கினால்தான் இருபது தேறும். ஐந்தாறு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், படகிலேயே சிலர் நசுக்கிவிடுவார்கள்.