தாமதமாகச் சிரிக்கிற மாப்பிள்ளைக்கு

தம்பி, நீங்கள் சொன்ன குறும்படத்தை நானும் பார்த்தேன். மனைவியின் நாட்டுக்கு வந்து சேர்ந்த ஒருவன் அவள் குடும்பத்தாரோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறான். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு சிரிக்கிறான். கண்ணாடி முன் நின்று அவர்கள் மொழியில் பேசிப் பழகுகிறான். கடைசியில் அவனே ஒரு வேடிக்கை சொல்ல, மாமனார் உட்பட எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், படம் முடிகிறது. "எனக்கும் இப்படி ஒரு நாள் வருமா? வந்தால் அன்றைக்கு நான் நானாக இருப்பேனா? இதை மனைவி வீட்டாருக்குப் போட்டுக் காட்டலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அப்படி ஒரு நாள் வராது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. கால் மணி நேரப் படத்துக்கு ஒரு முடிவு வேண்டும், அதற்காக வைத்த காட்சி அது. நானும் வேறொரு பண்பாட்டில் மணம் முடித்து, தலை நரைக்கும்வரை அங்கேயே வாழ்ந்துவிட்டவள். என்னை ஏற்றுக்கொண்ட நாள் எது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எப்போதோ ஒரு கட்டத்தில், நான் எவ்வளவு சாப்பிடுகிறேன் என்று யாரும் கவனிப்பதை விட்டுவிட்டார்கள். என் முன்னிலையிலேயே கூச்சமில்லாமல் சண்டை போட ஆரம்பித்தார்கள். அதில் படம் எடுக்க ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு காட்சியை இயக்குநர் அனுபவித்துத்தான் எடுத்திருக்க வேண்டும். சாப்பாடு முடிந்து, எழுந்துகொள்ளலாமா, இன்னும் உட்கார வேண்டுமா என்று தெரியாமல் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருக்கிறானே, அது. மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1960-இல் பண்பாட்டு அதிர்ச்சி பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எப்போது கை குலுக்குவது, எந்த அழைப்பை ஏற்பது, எதை மறுப்பது, எப்போது ஒருவர் சொல்வதை மெய்யென்று எடுத்துக்கொள்வது என்று நாம் யோசிக்காமலே பின்பற்றிவந்த ஆயிரத்தெட்டுச் சிறு குறிப்புகளும் ஒரேயடியாகக் கைவிட்டுப் போவதுதான் அந்தப் பதற்றத்துக்குக் காரணம் என்றார். தேனிலவுக் காலம், நெருக்கடி, மீட்சி என்று அவர் படிகளும் வகுத்தார். அந்த வரிசையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. எல்லாம் பழகிவிட்டது என்று நினைத்திருக்கும்போது வீட்டில் ஒரு சாவு விழும். என்ன சொல்வது, எங்கே நிற்பது என்று தெரியாமல் மறுபடியும் முதல் நாள் வந்தவர் போல ஆகிவிடுவோம்.

இப்போது படத்தை இன்னொரு முறை பாருங்கள், அவனை விட்டுவிட்டு அவளை மட்டும். சிரிப்பதற்கு முன் ஒவ்வொரு தடவையும் அவன் மனைவியின் முகத்தைப் பார்க்கிறான். அவளோ தம்பியோடு பேசிக்கொண்டிருக்கிறாள். கெட்டவள் இல்லை. பிறந்ததிலிருந்து புழங்கும் வீட்டில் விதிகள் இருப்பதே அவளுக்குத் தெரியாது. படம் முழுக்க அவன்தான் பாடுபடுகிறான். அவள் 'கவலைப்படாதே, நீ நீயாக இரு' என்று ஒரே ஒரு வசனம் பேசுகிறாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல! யாருடைய வீடோ அவர்தான் வழிகாட்ட வேண்டும். வந்தவர் தானாகவே கண்டுபிடிக்கட்டும் என்று விடுவது பெருந்தன்மை ஆகாது.

ஆகவே உங்கள் மனைவியிடம் கேளுங்கள். பொதுவாக 'எனக்கு உதவி செய்' என்றால் எதுவும் நடக்காது. போகும் முன் காரிலேயே கேளுங்கள்: யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, எந்தப் பேச்சை எடுக்கக் கூடாது, இன்றைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவோம். கடைசிக் கேள்வி மிக முக்கியம். பாதி புரிந்த மொழியில் பலர் ஒரே நேரத்தில் பேசுவதைக் கேட்பது உடம்பையே சோர வைத்துவிடும். முடிவு நேரம் தெரிந்தால் தாங்கிக்கொள்ளலாம். என் கணவர் திரும்பி வரும் வழியில் அன்றைய வேடிக்கைகளில் இரண்டு மூன்றை விளக்கிச் சொல்வார். விளக்கிய வேடிக்கைக்குச் சிரிப்பு வராது என்பது வேறு விஷயம். ஆனால் எந்தச் சித்தப்பாவின் எந்தப் பழைய கதை அதற்குள் இருக்கிறது என்று தெரிந்துவிடும். பெரிய கூட்டத்தில் மேசை ஓரத்தில், நிதானமாகப் பேசும் ஒருவர் பக்கத்தில் இடம் பிடியுங்கள். மாமியாரையோ மைத்துனரையோ தனித்தனியாகச் சந்திக்க வழி செய்துகொள்ளுங்கள். நான்கு விருந்துகளில் கிடைக்காத பழக்கம் தனியாக ஒரு மாலை நடந்துவந்தால் கிடைக்கும்.

நானாக இருப்பேனா என்ற கேள்விக்கு வருகிறேன். வேறு நாட்டில் குடியேறியவர் தன் பண்பாட்டை விட்டுவிட்டுப் புதியதில் கரைவது ஒன்று, இரண்டையும் வைத்துக்கொள்வது ஒன்று என்று உளவியலாளர் ஜான் பெர்ரி பிரித்துக் காட்டுகிறார். ஒதுங்கி நிற்பதும் எதிலும் ஒட்டாமல் போவதும் மற்ற இரண்டு. இரண்டையும் வைத்துக்கொள்வது வந்தவரின் விருப்பத்தால் மட்டும் நடக்காது, ஏற்பவர்களும் இடம் கொடுக்க வேண்டும் என்பதையும் அவர் வலியுறுத்துகிறார். நாடுகளைப் பற்றி அவர் சொன்னது ஒரு வீட்டுக்கும் அப்படியே பொருந்துகிறது.

உங்கள் மனைவிக்கு உங்களை முழுதாகத் தெரியுமா என்றும் யோசியுங்கள். அவர் மொழியில் நீங்கள் சாதுவாக, மெதுவாக, எதற்கும் தலையாட்டுகிறவராக இருக்கிறீர்கள். சொந்த மொழியில் நீங்கள் வாயாடியாகவே இருக்கலாம். அந்த ஆளை அவர் பார்த்ததே இல்லை. உங்கள் நண்பர்களோடு நீங்கள் பேசும்போது அவரும் கூட இருக்கட்டும், ஒன்றும் புரியாவிட்டாலும் பரவாயில்லை. எப்போது சிரிப்பது என்று அவர் உங்கள் முகத்தைப் பார்ப்பார்.

பெற்றோருக்குப் பணம் அனுப்புவது, அவர்கள் வந்தால் எத்தனை மாதம் தங்குவது, பிள்ளையிடம் எந்த மொழியில் பேசுவது, இவற்றை இப்போதே பேசி வைத்துவிடுங்கள். சாப்பாட்டு மேசையில் நேரும் சங்கடம் மறந்துபோகும், இவை மறக்காது.

படத்தை மனைவி வீட்டாருக்கு இப்போது காட்ட வேண்டாம். தங்கள்மேல் புகார் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஒரு மாதம் உங்களிடம் அளவுக்கு மீறி மரியாதை காட்டுவார்கள். அது இன்னும் கொடுமை. மனைவியோடு மட்டும் பாருங்கள். அந்த ஒரே வசனம் வரும்போது படத்தை நிறுத்திவிட்டு, படத்தில் வரும் மனைவி அந்த இடத்தில் வேறென்ன சொல்லியிருக்கலாம் என்று கேளுங்கள்.