பிளேஆஃபில் கலக்கிய அணியை அடுத்த சீசனில் எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: என்பிஏவில் (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) நான் ஆதரிக்கும் அணி வழக்கமான சீசனை ஆறாம் இடத்தில்தான் முடித்தது. ஆனால் பிளேஆஃபில் (சீசனுக்குப் பின் நடக்கும் வெளியேற்றுச் சுற்றுகள், ஒவ்வொன்றும் ஏழு ஆட்டத் தொடர்) பெரிய அணிகளை வீழ்த்தி கான்பரன்ஸ் இறுதி, அதாவது கிழக்கு அல்லது மேற்குப் பிரிவின் இறுதி வரை போய்விட்டது. "எல்லாம் அதிர்ஷ்டம், ஓவர்ரேட்டட் அணி" என்கிறார்கள் நண்பர்கள். அடுத்த சீசனில் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: அந்த வெற்றிகளில் அணியின் சொந்தச் சரக்கு எவ்வளவு, சூழ்நிலை கொடுத்தது எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். நான் முதலில் தேடுவது மூன்று புள்ளி வீச்சின் சதவீதத்தை, அதாவது தூரத்திலிருந்து எறிந்ததில் நூற்றுக்கு எத்தனை கூடைக்குள் விழுந்தது என்பதை. ஏமாற்றுவதில் அதற்கு இணையான எண் வேறு இல்லை.

2023 மயாமி ஹீட் அணியை எடுத்துக்கொள்வோம். வழக்கமான சீசனில் 44 வெற்றி, 38 தோல்வி. லீகிலேயே மிகக் குறைவாகப் புள்ளி எடுத்த அணி அதுதான். மூன்று புள்ளி வீச்சில் சுமார் 34 சதவீதம், 30 அணிகளில் 27ஆம் இடம். பிளே-இன் (பிளேஆஃபின் கடைசி இடங்களுக்கான தகுதி ஆட்டங்கள்) வழியாகத் தட்டுத் தடுமாறி எட்டாவது அணியாக உள்ளே வந்தார்கள். அப்புறம் முதலிடத்தில் இருந்த மில்வாக்கி பக்ஸுக்கு எதிராக 45 சதவீதம், பாஸ்டன் செல்டிக்ஸுக்கு எதிராக 43 சதவீதம் போட்டு, இரண்டு தொடரையும் வென்று இறுதிப் போட்டி வரை போனார்கள்.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஆட்டத்தில் 35 முறை மூன்று புள்ளிக்கு எறியும் அணி, 35 சதவீதம் போட்டால் சுமார் 37 புள்ளி எடுக்கும். 43 சதவீதம் போட்டால் 45 புள்ளி. எட்டுப் புள்ளி கூடுதல்! சீசன் முழுக்கச் சராசரியாக எட்டுப் புள்ளி வித்தியாசத்தில் வெல்லும் அணி அந்த ஆண்டின் மிகச் சிறந்த அணிகளில் ஒன்றாக இருக்கும். ஏழு ஆட்டத் தொடரில் மொத்தம் எறிவது 245 முறைதான். இவ்வளவு குறைந்த எண்ணிக்கையில் சதவீதம் மூன்று ஏறுவதும் மூன்று இறங்குவதும் தற்செயலாகவே நடக்கும். எதிரணி நம்மிடம் எத்தனை சதவீதம் போடுகிறது என்பதும் இப்படித்தான். அந்த பாஸ்டன் தொடரின் ஏழாம் ஆட்டத்தில் செல்டிக்ஸ் 42 முறை எறிந்து 9 தான் போட்டது. மயாமியின் தடுப்பாட்டம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அந்த எண்ணில் அதன் பங்கு கொஞ்சம்தான் என்பது என் கருத்து.

அதற்காக எல்லாமே அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட முடியாது. நடுவில் நியூயார்க் நிக்ஸுக்கு எதிரான தொடரில் மயாமியின் வீச்சு மோசமாகச் சரிந்தது. ஆனாலும் 4-2 என்று வென்றார்கள். 2020இலும் இறுதிப் போட்டி, 2022இல் கான்பரன்ஸ் இறுதி என்று அதற்கு முன்பே வந்து போன அணி அது. பிளேஆஃபில் அடுத்தடுத்த நாள் ஆட்டங்கள் கிடையாது, நட்சத்திர வீரர்கள் கூடுதல் நிமிடங்கள் ஆடுகிறார்கள், எட்டுப் பேரை வைத்தே சமாளித்துவிடலாம். சில அணிகளுக்கு இந்த வடிவம் உண்மையிலேயே பொருந்தும். ஆனால் அடுத்த அக்டோபரில் மறுபடி 82 ஆட்டம் ஆட வேண்டுமே. தொடக்க ஐவரில் இருந்த கேப் வின்சென்ட், மேக்ஸ் ஸ்ட்ரஸ் இருவரும் வேறு அணிகளுக்குப் போய்விட்டார்கள். 46 வெற்றியோடு மயாமி மறுபடியும் பிளே-இன்னில்தான் நின்றது.

அடுத்தது எதிரணியின் காயப் பட்டியல். இது எளிது, தொடர் வாரியாக யார் ஆடவில்லை என்று எழுதி வைத்தாலே போதும். மில்வாக்கிக்கு எதிராக மயாமி ஆடியபோது மில்வாக்கியின் நட்சத்திர வீரர் யானிஸ் இரண்டு ஆட்டங்களில் இல்லை.

ஆனால் காயப் பட்டியலை மட்டும் வைத்து முடிவு செய்தால் உங்கள் நண்பர்களைப் போலத் தப்புக் கணக்குப் போட நேரும். 2024இல் இண்டியானா பேசர்ஸ் உங்கள் அணியைப் போலவே ஆறாம் இடத்திலிருந்து கிழக்குப் பிரிவு இறுதிக்கு வந்தது. மில்வாக்கித் தொடரில் யானிஸ் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. நிக்ஸ் அணியில் பாதிப் பேர் காயம். நிக்ஸ் தொடரின் ஏழாம் ஆட்டத்தில் பேசர்ஸ் எல்லா வீச்சுகளையும் சேர்த்து 67 சதவீதம் போட்டது, பிளேஆஃப் வரலாற்றிலேயே அதிகம். பாஸ்டனிடம் 4-0 என்று தோற்றதும் எல்லோரும் "பார்த்தீர்களா" என்றார்கள். அடுத்த ஆண்டே அதே அணி இறுதிப் போட்டியின் ஏழாம் ஆட்டம் வரை போனது. 2025 ஏப்ரலில் பெயர் வெளியிடாமல் வீரர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பில் "ஓவர்ரேட்டட்" என்று அதிக வாக்கு வாங்கியவர் அந்த அணியின் டைரீஸ் ஹாலிபர்ட்டன்தான். இரண்டே மாதத்தில், இறுதிப் போட்டியின் முதல் ஆட்டத்தில், 0.3 விநாடி மிச்சமிருக்கும்போது வெற்றிக் கூடையைப் போட்டவரும் அவர்தான்.

2021 அட்லாண்டா ஹாக்ஸ் இதற்கு நேர்மாறு. அவர்களும் கிழக்குப் பிரிவு இறுதி வரை போனார்கள். நிர்வாகம் அதை நம்பி, அந்தக் கோடையில் ஜான் காலின்ஸுக்கு ஐந்தாண்டுகளுக்கு 12.5 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்து, ஏறக்குறைய அதே அணியைக் கட்டிக்காத்தது. அடுத்த சீசனில் 43 வெற்றிதான், முதல் சுற்றிலேயே மயாமியிடம் 4-1. தாக்குதலில் லீகின் உச்சியில் இருந்தார்கள், தடுப்பாட்டத்தில் அடிமட்டத்துக்குப் போய்விட்டார்கள்.

வித்தியாசம் எங்கே? பேசர்ஸின் வேகமும் பந்தைக் கைமாற்றும் விதமும் 82 ஆட்டத்திலும் இருந்தவை. 2023-24 சீசனில் ஆட்டத்துக்கு 123 புள்ளி, லீகிலேயே அதிகம். நட்சத்திர வீரர் பாஸ்கல் சியாகம் ஜனவரியில்தான் வந்து சேர்ந்தார், அவரோடு ஒரு முழு சீசன் இன்னும் பாக்கி இருந்தது. தடுப்பாட்டம் பலவீனமாக இருந்தது, ஆனால் அது சரிசெய்யக்கூடிய பலவீனம். அதைச் சரிசெய்யவும் செய்தார்கள்.

ஆக, உங்கள் அணியிலும் இதையே தேடுங்கள். வழக்கமான சீசனின் பிற்பாதியில் ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி வித்தியாசம் என்று பாருங்கள். பிளேஆஃபில் கைகொடுத்த ஆட்ட முறை அப்போதே இருந்ததா? முக்கிய வீரர்கள் 24, 25 வயதில் இருக்கிறார்களா, 34ஐத் தொட்டுவிட்டார்களா? இவை சாதகமாக இருந்தால், காயப் பட்டியல் என்ன சொன்னாலும் நான் அந்த அணியை நம்புவேன். வீச்சுச் சதவீதம் மட்டும்தான் திடீரென்று எகிறியது என்றால், மறுபடி ஐந்தாவது, ஆறாவது இடத்துக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, நவம்பரிலேயே தீர்ப்பு எழுத வேண்டாம். இறுதிப் போட்டிக்குப் போன அந்த பேசர்ஸ் அணி சீசனைத் தொடங்கியது 10 வெற்றி, 15 தோல்வியோடு. மீதி 57 ஆட்டங்களில் 40ஐ வென்றது.