ஃபாயில் மேலே வந்ததும் ஏன் கவிழ்கிறது?

மொரிஷியஸின் ரோஸ் ஹில் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “லெ மோர்ன் லகூனில் விங் ஃபாயில் (கையில் காற்றுப் பாய் பிடித்து, அடியில் ஃபாயில் என்ற நீரிறக்கை பொருத்திய போர்டில் தண்ணீருக்கு மேலே எழும்பிப் போகும் விளையாட்டு) பழகுகிறேன். போர்டு நன்றாக எழும்புகிறது. ஆனால் அடியிலுள்ள இறக்கை நீர்மட்டத்துக்குக் கிட்ட வந்ததும் திடீரென்று பிடி விட்டு, முன்பக்கமாக விழுகிறேன். இறக்கைக்குப் பின்னால் தண்ணீரில் ஒரு பள்ளமும் விழுகிறதாம். ஃபாயிலை மாற்ற வேண்டுமா?”

மாற்ற வேண்டாம். பள்ளத்துக்கும் நீங்கள் விழுவதற்கும் வேர் ஒன்றுதான்.

உங்களைத் தூக்க வேண்டுமென்றால் இறக்கை தண்ணீரைக் கீழே தள்ளியாக வேண்டும். அப்போது அதன் மேல்பக்கத்தில் அழுத்தம் குறையும். ஆழத்தில் இருக்கும்வரை வெளியே அவ்வளவாகத் தெரியாது. மேலே வந்தால் நீர்மட்டமே கீழே இழுபட்டுப் பள்ளமாகும். இழுபட்ட தண்ணீர் திரும்ப ஏறி, மட்டத்தைத் தாண்டி மேடாகி, மறுபடி இறங்கும். அதுதான் பின்னால் வரும் அலை. நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் மேட்டுக்கு மேடு சுமார் 6 மீட்டர் இருக்கும். 5 மீட்டர் வேகத்தில் 16 மீட்டர். அவ்வளவு நீண்ட அலை கண்ணுக்குப் பிடிபடாது, பள்ளம் மட்டும் தெரியும்.

அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, ஃபராட்டா திருப்பும் தட்டைக் கரண்டியைக் கொஞ்சம் சாய்த்து, ஒரு விரல்கட்டை ஆழத்தில் இழுத்துப் பாருங்கள். பின்னால் குழி விழும். வேகமாக இழுத்தால் அந்தக் குழி வழியே காற்று உள்ளே இறங்கும். இந்தக் காற்றைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

நீர்மட்டத்தை நெருங்க நெருங்கத் தூக்கும் விசை குறைவது இயல்பு. மட்டத்தை உரசும்போது மேல்பக்க உறிஞ்சல் போய், கிட்டத்தட்டப் பாதிதான் மிஞ்சும். ஆனால் அது படிப்படியாகக் குறையும், நல்ல குணம்தான். சோவியத் பொறியாளர் ரொஸ்டிஸ்லாவ் அலெக்ஸேயெவ் 1957-இல் விட்ட ரக்கேட்டா என்ற நீரிறக்கைப் படகு இதை நம்பித்தான் ஓடியது: அதிகம் ஏறினால் விசை குறையும், படகு தானாகவே கொஞ்சம் இறங்கி நிலைக்கும்.

உங்களுக்கு நடப்பது அதுவல்ல. இறக்கையின் நுனி வெளியே எட்டிப் பார்த்தாலோ, மாஸ்ட் (போர்டையும் இறக்கையையும் இணைக்கும் கம்பம்) ஓரமாக வழி கிடைத்தாலோ, அழுத்தம் குறைந்த இடத்துக்குக் காற்று பாய்ந்துவிடும். மேல்பக்கம் முழுக்கக் காற்று போர்த்திக்கொண்டால் தூக்கும் விசை கண் இமைப்பதற்குள் சரிந்து, போர்டின் மூக்கு குத்தும்.

சரி, என்ன செய்வது? மாஸ்டில் பாதியாவது தண்ணீருக்குள் இருக்கட்டும். கூட வருபவரைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். போர்டு ஏறத் தொடங்கும்போதே முன்காலில் கனம் கொடுங்கள். ஏறி முடிந்தபின் கொடுத்துப் பயனில்லை. திரும்பும்போது ஒரு நுனி உயரும், அதனால் முதலில் இறங்கி, அப்புறம் சாயுங்கள். பவளப்பாறையில் உரசிய கீறல், மாஸ்டில் சிக்கிய பாசி இரண்டுமே காற்றுக்கு வழிகாட்டும். கீறலை நைசான உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

இது கைவந்த பிறகே பவளப்பாறைக்கு வெளியே போங்கள். அங்கே அலையின் முகட்டைத் தாண்டியதும் தண்ணீர் கீழே விலகும். நீங்கள் நேராகப் போனாலே இறக்கை வெளியே வந்துவிடும்.