அழிக்கப்பட்ட காலடிகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் நண்பர் ஜெய்சால்மரை அடுத்த சாம் மணல்மேடுகளில் எடுத்துவந்த படங்களை எல்லோரும் வியந்து பார்த்தோம். ஆனால் அழகு முழுவதும் பாலைவனத்துடையதாக இருக்க, படமெடுத்தவருக்கு அதில் என்ன பங்கு? சுற்றுலாப் பயணிகளின் காலடித் தடங்களைக் கணினியில் அழித்துவிட்டதாகவும் அவரே சொன்னார். இதைக் கலை என்று கொள்ளலாமா?

வாசகர், காவேரிப்பட்டணம்

அன்புள்ள நண்பருக்கு,

அதே மணல்மேடு உச்சிவெயிலில் வெறும் வெளிறிய பரப்புதான். காற்று வரும் பக்கம் மெல்லச் சாய்ந்தும் மறுபக்கம் ஏறத்தாழ 34 பாகையில் சரிந்தும் இருப்பதால், வெயில் தாழ்ந்து பக்கவாட்டில் விழும்போதே ஒரு சரிவு ஒளிர்ந்து, மற்றது நிழலுக்குள் போய், நடுவே முகடு கோடாகத் துலங்குகிறது. கிருஷ்ணகிரியின் சையத் பாஷா மலையை நண்பகலிலும் மாலையிலும் பார்த்தாலே இது விளங்கும். கேமராவின் ஒளிமானியோ பளிச்சென்ற மணலைச் சாம்பல் நிறமாக்கவே முயலும். அது சொல்வதைவிடக் கூடுதலாக ஒளியை விட வேண்டும். இவை கைத்திறன், கற்றுக்கொள்ளலாம்.

எதைப் படத்தின் சட்டகத்துக்குள் விடுவது என்ற முடிவில்தான் கலை இருக்கிறது. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1936இல் கலிஃபோர்னியாவின் ஓஷியானோவில் எடுத்த மணல்மேட்டுப் படங்கள் (கறாராகச் சொன்னால் அது கடற்கரை மணல்) சிலவற்றில் வானமே இல்லை. அளவு காட்ட ஆளோ மரமோ இல்லாததால் வடிவத்தை மட்டுமே பார்க்க நேர்கிறது. உங்கள் நண்பர் போக விரும்பியது இந்த வழியில்தான்.

எனக்கு அவற்றைவிடப் பெரிதாகத் தோன்றுவது, திமோதி ஓ'சலிவன் 1867இல் நெவாடாவின் கார்சன் பாலையில் எடுத்த படம். நிலவியல் ஆய்வுக் குழுவோடு படமெடுக்கச் சென்றவர் அவர். கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் உலர்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டிய காலம் அது என்பதால், கோவேறு கழுதைகள் இழுத்த வண்டியையே இருட்டறையாக வைத்திருந்தார். படத்தில் அந்த வண்டி நிற்கிறது. அதிலிருந்து கேமராவை நோக்கி மணலில் காலடித் தடங்கள் வருகின்றன. வறண்ட காற்றில் தகடு காய்வதற்குள் போய்த் திரும்ப வேண்டியிருந்த உழைப்பு அந்தத் தடங்களில்தான் தெரிகிறது. அவற்றை அழித்தால் படமே போய்விடும்.

ஆகவே அழிப்பது குறித்துப் பொதுவிதி எதுவும் என்னிடம் இல்லை. தடங்கள் படத்தின் வடிவத்தைக் கெடுக்கின்றன என்று கண்டு அழித்திருந்தால் அது அவருடைய தேர்வு. அதை மறைக்காமல் சொன்னதும் சரியே. பாலைவனம் என்றாலே ஆளரவமற்றிருக்க வேண்டும் என்ற பழக்கத்தில் அழித்திருந்தால், நாட்காட்டிப் படம் என்றே சொல்வேன். திருத்தாத மூலப் படத்தையும் கேட்டு வாங்குங்கள். தடங்கள் முகட்டுக் கோட்டை எங்கே வெட்டிச் செல்கின்றன என்று பார்த்துவிட்டால், இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்பதை நீங்களே அவரிடம் வாதிடலாம்.

அன்புடன்.