வாசகர் கேள்வி: குகை நெற்றியில் ஒரு வெட்டு

கேள்வி: எங்கள் ஊர்க் காட்டோரப் பாறைக் குகையில் வெள்ளைக் கோட்டால் கீறிய யானை இருக்கிறது. மேல் விளிம்பில் நீளமாக ஒரு வெட்டு, அதன் கீழ் சில எழுத்துகள். சித்தன்னவாசல் போல இதுவும் சமணக் குகையா? எழுத்துகளை எப்படிப் படமெடுப்பது?
(வாசகர் ஒருவர், நெடுங்கேணி)

பதில்: வெட்டை வைத்து முடிவுகட்ட வேண்டாம். அது நீர்வடி விளிம்பு. மழைத்தண்ணீர் பாறை நெற்றியால் வழிந்து உட்கூரைக்கு ஊராமல் அங்கேயே சொட்டிவிட உளியால் வெட்டுவது. சமணரோ பௌத்தரோ, துறவி நனையாமல் படுக்க வேண்டுமே!

புதுக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூரான சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டம் குகைத் தரையில் 17 கற்படுக்கைகள் உண்டு. வழவழவென்று, தலைமாட்டில் தலையணை போல மேடு விட்டு. உங்கள் குகையிலும் முதலில் தரையைப் பாருங்கள். இலங்கையில் விளிம்பின் கீழுள்ள பிராமி (பழங்கால எழுத்துமுறை) எழுத்துகள் பெரும்பாலும் பௌத்த சங்கத்துக்குக் குகை கொடுத்த செய்திதான். வவுனியா பெரியபுளியங்குளத்தில் ஒரு குகை தமிழ் வணிகன் விசாகனுடையது என்கிறது கல்வெட்டு, மொழியோ பிராகிருதம் என்ற பழைய வட இந்திய மொழி. தமிழர் பெயர் கண்டதும் சமணம் என்றுவிட முடியாது.

யானையும் வேறு கதை. சித்தன்னவாசலில் பாறையைக் குடைந்த சமணக் கோயிலான அறிவர் கோயில் கூரையின் தாமரைக் குள ஓவியம், சுண்ணச்சாந்து பூசி அதன்மேல் தீட்டியது. பக்கவாட்டில் பார்த்தால் பூச்சின் தடிப்பும் உடைந்த ஓரமும் தெரியும். உங்களுடையது வெறும் பாறையில் கீறியதென்றால் அந்த ஓரம் இராது.

படமெடுக்கும்போது பலர் தண்ணீர் தெளிக்கிறார்கள். நிறம் ஒரு நிமிடம் பளிச்சிடும். பிறகு பாறைக்குள் இருக்கும் உப்பு கரைந்து மேலே வந்து, காயும்போது வெள்ளைப் படலமாகி நிறத்தையும் உரித்துவிடும். வெண்கட்டியும் கூடாது, பிறகு வருபவர் எழுத்தை அல்ல, உங்கள் கோட்டையே வாசிப்பார்.

பொழுது சாய்ந்தபின் டோர்ச்சைப் பாறையோடு ஒட்டினாற்போலப் பக்கத்திலிருந்து அடியுங்கள். எழுத்து வெட்டின் பள்ளத்தில் நிழல் விழும். நாலு திசையிலிருந்தும் ஒவ்வொரு படம், கமரா நேரெதிராக, அருகில் ஒரு அடிமட்டம். யானைக்கு இதற்கு நேர்மாறு: பகல் நிழல் வெளிச்சம் போதும், பிளாஷ் வேண்டாம்.

மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கம் கால் வைக்காதீர்கள். குகைத் தரையைக் கிண்டவும் வேண்டாம். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதியில்லாத அகழ்வு குற்றம். படங்களோடு தொல்பொருள் திணைக்களத்துக்கு எழுதுங்கள்.