தாடி ஓணானுக்கு முன்னால் விளக்கு: 1,400 டாலரை எந்த வரிசையில் செலவழிப்பது?

கேள்வி: சிட்னி டூங்காபியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். 10 வயது மகனும் 4 வயது மகளும் பியர்டட் டிராகன் (தாடி ஓணான்) வேண்டும் என்று ஒரு வருடமாகக் கேட்கிறார்கள், அதுவும் ஆளுக்கொன்று. இதற்கென்று 1,400 டாலர் ஒதுக்கியிருக்கிறோம். இந்த ஜூனிலிருந்து மாதம் 150 டாலர் மிச்சம் பிடிக்கவும் முடியும். ஒரு கடையில் 60 செ.மீ. கண்ணாடித் தொட்டி, சுருள் விளக்கு, மணல், சூடாகும் கல் எல்லாம் சேர்ந்த செட் 450 டாலருக்குத் தவணையில் கிடைக்கிறது. ஆகஸ்டில் மகனுக்குப் பிறந்தநாள். டிசம்பரில் ஐந்து வாரம் சென்னை போகிறோம். செட்டை வாங்கிவிடலாமா?

பதில்: செட் வேண்டாம். ஆகஸ்டும் வேண்டாம். சென்னையிலிருந்து திரும்பி வந்து, பிப்ரவரியில் வாங்குங்கள். ஒன்றே ஒன்று போதும்.

இந்தச் செலவில் ஓணானின் விலை சிறிய பங்குதான். அது உயிரோடு இருக்கத் தேவையான வெப்பமும் புறஊதா ஒளியும்தான் பெரிய செலவு. கடைக்காரர் அதைச் சுருக்கித்தான் 450 டாலருக்குள் அடக்கியிருக்கிறார். 60 செ.மீ. தொட்டியில் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருக்க இடமில்லை. சூடாகும் கல் அடிவயிற்றைச் சுட்டுவிடும். இந்த இனத்துக்கு வெப்பம் மேலிருந்து வர வேண்டும். குட்டி மணலை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளலாம். சுருள் விளக்கு தரும் யுவிபி (ஓணானுக்குத் தேவையான புறஊதா ஒளி) ஒரு சிறு இடத்தில் மட்டுமே விழும். ஆறு மாதத்துக்குள் எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி வாங்குவீர்கள். தவணை மட்டும் மிச்சமிருக்கும். வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள்: 2025 ஜூன் 10 முதல் இந்த 'இப்போது வாங்கு, பிறகு கொடு' தவணைகளும் ஆஸ்திரேலியக் கடன் சட்டத்துக்குள் வந்துவிட்டன. செல்லப்பிராணிக்காக உங்கள் கடன் வரலாற்றில் ஒரு பதிவு ஏற வேண்டாம்.

முதல் செலவு உரிமம். நியூ சவுத் வேல்ஸில் தாடி ஓணான் பாதுகாக்கப்பட்ட உள்நாட்டு விலங்கு. ஊர்வன வளர்ப்பு உரிமம் கைக்கு வந்த பிறகே பிராணியை வாங்கலாம். விற்பவருக்கும் உரிமம் இருக்க வேண்டும். அவருடைய எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். காட்டில் பிடித்து வளர்ப்பது குற்றம். வாடகை வீடு என்பதால் வீட்டுக்காரரிடமும் எழுத்தில் அனுமதி கேளுங்கள். 2025 மே 19 முதல் நடப்பிலுள்ள விதிப்படி 21 நாளில் அவர் பதில் சொல்லாவிட்டால் அனுமதித்ததாகவே கொள்ளப்படும். ஆனால் வேறு சட்டத்தை மீறுகிறது என்பது மறுப்பதற்கு ஒரு காரணம். உரிமத்தை முதலில் வாங்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து பொருட்கள். 120 x 60 x 60 செ.மீ. மரக் கூண்டு, முன்பக்கம் கண்ணாடி. பழையது 200 டாலர் அளவில் கிடைக்கும், புதிதென்றால் 450 வரை. பழையதே வாங்குங்கள், மூலைகளிலும் இடுக்குகளிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்த்து, கிருமிநாசினியால் கழுவி, வெயிலில் காய வைத்தால் போதும். விளக்கை மட்டும் ஒருபோதும் பழையதாக வாங்காதீர்கள். 39 வாட் டி5 (மெல்லிய வகை) யுவிபி குழல்விளக்கு, பிரதிபலிப்பானோடு 140 டாலர். வெயில்காயும் இடத்துக்கு ஹாலோஜன் பல்பு இரண்டு, பீங்கான் ஹோல்டர், கம்பிக் கவசம் 60. வெளிச்சத்தை மங்கலாக்கி வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் வகைத் தெர்மோஸ்டாட் 120. அணைத்து அணைத்துப் போடும் மலிவு வகை ஹாலோஜனைச் சீக்கிரம் கெடுத்துவிடும். டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டும், தொடாமலே மேற்பரப்பு வெப்பத்தை அளக்கும் அகச்சிவப்புத் துப்பாக்கி ஒன்றும் 65. கல், கிளை, ஒளிந்துகொள்ள இடம் 40. கால்சியம், வைட்டமின் பொடிகள் 40. ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் முதல் பரிசோதனையும் மலச் சோதனையும் 170. கூட்டினால் 835. தரையில் போட பழைய செய்தித்தாள் போதும், செலவில்லை.

யுவிபி குழலில் கை வைத்துத்தான் பலர் மிச்சம் பிடிக்கிறார்கள். அங்கேதான் பெரிய பில் பிறக்கிறது. இந்த ஒளி தோலில் படாவிட்டால் உடலில் வைட்டமின் டி3 உருவாகாது. டி3 இல்லாவிட்டால் எவ்வளவு கால்சியம் தின்றாலும் உடலில் சேராது. எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து, தாடை ரப்பர் மாதிரி வளையும், கால் நடுங்கும், சும்மா ஏறி இறங்கினாலே எலும்பு முறியும். ஜன்னலோரம் வைத்தால் வெயில் கிடைக்குமே என்றால், கண்ணாடி யுவிபியைத் தடுத்துவிடும். கம்பிவலையும் கணிசமாகக் குறைக்கும். அதனால் குழலைக் கூண்டுக்கு உள்ளே மாட்டி, தயாரிப்பாளர் சொல்லும் தூரத்தை அளந்து வையுங்கள். பெரும்பாலும் 30 முதல் 45 செ.மீ. ஒரு வருடம் ஆனதும் குழல் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தாலும் மாற்றிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் நிற்பதற்கு வெகு முன்பே யுவிபி குறைந்துவிடும். புதுக் குழல் 60 டாலர், அதாவது மாதம் 5. எலும்பு நோய் வந்தால் ஒரு எக்ஸ்ரேக்கே சில நூறு டாலர் போகும்.

குட்டியா, வளர்ந்ததா என்பதும் பணக் கணக்குதான். குட்டி 100 டாலருக்குக் கிடைக்கும். ஆனால் நாளொன்றுக்கு முப்பது, நாற்பது பூச்சி தின்னும். மாதம் 80 டாலர் சிள்வண்டுக்கே போகும். ஒரு வயது நிரம்பிய ஓணான் 200 டாலர் என்றாலும், அதற்குப் பூச்சி வாரம் இரண்டு மூன்று தடவை போதும், மீதி கீரையும் காயும். பூச்சிச் செலவு மாதம் 30க்குள் நிற்கும். இரண்டே மாதத்தில் விலை வித்தியாசம் கழிந்துவிடும். முதல் தடவை வளர்ப்பவரின் சிறு தவறுகளையும் வளர்ந்த உடம்பு தாங்கும். ஆணாகப் பாருங்கள்: பெண், ஜோடி இல்லாமலே முட்டை வைக்கும், முட்டை உள்ளே சிக்கினால் அறுவைச் சிகிச்சை வரைக்கும் போகும்.

காய்கறிக்குத் தனிச் செலவு அதிகம் இல்லை. பாக் சோய் என்ற சீனக் கீரை, துருவிய பூசணி நல்லது. நம் வீட்டில் எப்போதும் இருக்கும் பாலக்கீரையை அன்றாடம் போடாதீர்கள், அதிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அவகாடோ கூடவே கூடாது.

மாதச் செலவு இப்படி வரும். 100 வாட் பல்பும் 39 வாட் குழலும் 12 மணி நேரம் எரிந்தால் மாதம் சுமார் 50 யூனிட். யூனிட் 35 சென்ட் என்றால் 18 டாலர். உணவு 45, பொடி 4, விளக்குகள் 8, வருடாந்தரப் பரிசோதனைக்கு 15. மொத்தம் 90. உங்கள் 150இல் மிச்சமாகும் 60 டாலரை மருத்துவ நிதியில் போடுங்கள். இந்த ஓணான் பத்து வருடம் வரை, நன்றாகப் பார்த்தால் அதற்கு மேலும் வாழும். அதுவரை இந்த 150 நிற்காது. இரண்டாவது ஓணான் வேண்டாம் என்பதற்கு இதுவே காரணம்: ஒரே கூண்டில் இரண்டு இருந்தால் விரலையும் வாலையும் கடித்துக்கொள்ளும், பலமானது வெயில்காயும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தனிக் கூண்டு என்றால் எல்லாம் இரட்டிப்பு.

இனி ஏன் பிப்ரவரி? ஆகஸ்டில் வாங்கினால் டிசம்பரில் யாரிடமாவது விட வேண்டும். நாளுக்கு 12 டாலர் என்றால் 35 நாளுக்கு 420. பூட்டிய வீட்டில் விட்டுப்போவது நினைத்தே பார்க்க முடியாதது: 2020 ஜனவரி 4 அன்று பக்கத்திலுள்ள பென்ரித்தில் 48.9 டிகிரி. அடுத்த சென்னைப் பயணத்திலிருந்து இந்த 420ஐ டிக்கெட் பட்ஜெட்டிலேயே சேர்த்துவிடுங்கள். ஜூன் முதல் ஜனவரி வரை எட்டு மாதம் சேமித்தால் 1,200 சேரும், இருப்பதோடு 2,600. பொருளுக்கும் ஓணானுக்கும் 1,035 போக 1,565 மிஞ்சும். உரிமக் கட்டணம் போக மீதி முழுவதும் மருத்துவ நிதி.

மகனின் பிறந்தநாளுக்குக் கூண்டை வாங்கிக் கொடுங்கள். விளக்குகளை ஜனவரிக் கடைசியில் மாட்டி, இரண்டு வாரம் காலியாகவே ஓட விடுங்கள். வெயில்காயும் கல்லின் மேற்பரப்பு 40 முதல் 42 டிகிரி, குளிர்ந்த முனை 22 முதல் 26 என்று நிற்க வேண்டும். காலை, மதியம், இரவு மகன் அளந்து எழுதட்டும். கோடை மதியத்தில் குளிர்ந்த முனையும் 32ஐத் தாண்டினால் கூண்டின் இடத்தை மாற்றுங்கள். அந்த அறைக்கு ஏசி தேவையா என்பதும் ஓணானுக்குப் பணம் கொடுக்கும் முன்பே தெரிந்துவிடும்.

மகள் விஷயத்தில் ஒரு கண்டிப்பு. ஊர்வன சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமியைச் சுமக்கும். ஐந்து வயது நிரம்பும் வரை அவள் தொடாமல் பார்க்கட்டும். மற்றவர்கள் தொட்டதும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். அதற்கென்று ஒரு பக்கெட், 5 டாலர்.