துவைகல்லில் பிடித்த கை

கேள்வி: எனக்கு 51 வயது. கும்பகோணம் பக்கம் ஒரு கிராமம். இரண்டு வருடமாக மாமியார் படுத்த படுக்கை. பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. கணவர் காலையில் கடைக்குப் போனால் இரவுதான் வருவார். நாத்தனார் தஞ்சாவூரில் இருக்கிறார். முன்பெல்லாம் வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போவேன், பிரதோஷம் விட்டதில்லை. இப்போது வீட்டில் விளக்கேற்றக்கூடச் சில நாள் மறந்துபோகிறது. ‘செய்கிற வேலையிலேயே கடவுளைப் பார்’ என்று தினமும் யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். நான் தினம் இரண்டு, மூன்று விரிப்பு அலசுகிறேன். அதில் எனக்கு நாற்றம்தான் தெரிகிறது. விடிகாலை நாலு மணிக்கு அத்தை இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்ட ஆரம்பிப்பார். எழுந்து போய்ப் பார்த்தால் விரிப்பு நனைந்திருக்காது, தண்ணீர் கொடுத்தாலும் வேண்டாம் என்பார். அப்போது எனக்கு வருகிற கோபத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது. இத்தனை வருட பக்தி பொய்தானா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, பொய்யில்லை. முதலில் இதை மனதில் இருத்திக்கொண்டு மற்றதைப் படியுங்கள். இரண்டு வருடம் இரவில் முழுத் தூக்கம் இல்லாத உடம்புக்குக் கோபம் வரும். அது உடம்பின் சோர்வு. பக்தியை அளக்க அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நாற்றத்தை நாற்றம் என்றே எழுதினீர்களே, அதற்காக உங்களை மிகவும் மதிக்கிறேன். ‘எல்லாவற்றிலும் ஒரு பாடம் இருக்கிறது’ என்று அனுப்புகிறவர்கள் நல்ல மனதோடுதான் அனுப்புகிறார்கள். ஆனால் அது உங்கள் தலையில் இன்னொரு வேலையை ஏற்றிவிடுகிறது. துணியும் அலச வேண்டும், அலசும்போது ஞானமும் வர வேண்டும் என்றால் யாரால் முடியும்? கோயிலுக்குப் போக முடியாதவர்களுக்குப் பூசலார் கதையைச் சொல்லித் தேற்றுவது வழக்கம். திருநின்றவூரில் உட்கார்ந்து மனத்துக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டி முடித்தவர் அவர். உங்களுக்கு அதை நான் சொல்லப்போவதில்லை. மனத்தில் கல் அடுக்க அவருக்கு நேரம் இருந்தது. உங்களுக்கு அதுவும் இல்லை.

அறுபத்துமூவரில் உங்களுக்குப் பக்கத்தில் நிற்கிறவர் வேறொருவர். காஞ்சிபுரத்தில் துணி வெளுத்தவர், திருக்குறிப்புத் தொண்டர். அடியார்களின் அழுக்குத் துணியை வாங்கி வெளுத்துக் கொடுப்பதுதான் அவர் செய்த தொண்டு. பெரிய புராணம் அவர் கதையை இப்படிச் சொல்கிறது. குளிர்காலத்தில் ஒரு நாள் மெலிந்த ஏழை அடியார் ஒருவர் அழுக்கேறிய கந்தையோடு வருகிறார். அந்த ஒரு துணிதான் அவருக்கு. பொழுது சாய்வதற்குள் உலர்த்தித் தந்துவிட வேண்டும் என்று கேட்டுக் கொடுக்கிறார். இவர் துவைத்து முடிக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொள்கிறது. விடவே இல்லை. இருட்டிவிட்டது. அந்த மனிதர் குளிரில் நடுங்குவாரே என்று தாங்காமல், துணி அடித்த கல்லிலேயே தன் தலையை மோதப் போகிறார். கல்லிலிருந்து ஒரு கை எழுந்து அவரைப் பிடித்துக்கொள்கிறது. ஏகாம்பரநாதரின் கை.

இந்தக் கதையில் அந்தக் கையை நினைத்துத்தான் வெகுநாள் உருகியிருக்கிறேன். இப்போது என்னை நிறுத்துவது அவருடைய பெயர். பெயரில் துவைப்பது பற்றி ஒன்றுமே இல்லை, பாருங்கள். அடியார்கள் வாய் திறந்து சொல்லாததையும் குறிப்பால் அறிந்து செய்தவர் என்பதால்தான் அவர் திருக்குறிப்புத் தொண்டர். பேச்சு போனவரைப் பார்த்துக்கொள்ளும் வீட்டில் தினமும் நடப்பதும் இதுதானே.

திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்று இரண்டு அதிகாரங்கள் உண்டு. ஒன்று காதலர்களுக்கு. மற்றது, 71-ஆம் அதிகாரம், அரசனுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு.

‘ஐயப் படாஅது அகத்தது உணர்வானைத்
தெய்வத்தோ டொப்பக் கொளல்’

அடுத்தவர் மனத்தில் இருப்பதைச் சந்தேகமில்லாமல் உணர்கிறவரைத் தெய்வத்துக்கு ஒப்பாகக் கொள்ள வேண்டும் என்கிறார். அரசவைக்குச் சொன்னதுதான். ஆனால் நோயாளி கிடக்கும் அறையில் இருந்து பார்த்தவர்களுக்கு அதன் அருமை இன்னும் நன்றாகத் தெரியும்.

எனக்குத் தெரிந்தது என் அப்பாவிடம். கடைசி ஏழு மாதம் அவருக்குப் பேச்சு குழறிப்போய், ஒரு சொல்லும் புரியாத நிலை. தினமும் காலையில் எதிர்ச் சுவரைக் காட்டி ஏதோ கேட்பார். மின்விசிறியைப் போட்டோம், நிறுத்தினோம். ஜன்னலைத் திறந்தோம். முருகன் படத்தைக் காட்டுகிறார் என்று நினைத்துத் திருநீறு பூசினோம். எதுவும் இல்லை. அவருக்கு அழுகை வரும், எனக்கு எரிச்சல் வரும். பல நாள் கழித்து என் மகள்தான் பார்த்தாள். சுவரில் தினசரி காலண்டர் பழைய தேதியிலேயே நின்றிருந்தது. எழுந்ததும், காபிக்கு முன்னால், தாளைக் கிழிப்பது அவர் வேலை. அவர் விழுந்த பிறகு எங்களில் யாரும் அதைத் தொடவில்லை. அத்தனை தாளையும் கிழித்து, அன்றைய தாளை அவர் கையில் வைத்தேன். தேதியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் இருந்தார். எத்தனையோ சன்னிதியில் கற்பூரம் காட்டும்போது கைகூப்பி நின்றிருக்கிறேன். அன்று போல மனம் ஒடுங்கியதில்லை.

அதற்குப் பிறகும் விரிப்பு விரிப்பாகத்தான் இருந்தது. நாற்றம் போகவில்லை, கோபமும் அடியோடு போய்விடவில்லை. ஆனால் காலையில் அந்தத் தாளைக் கிழிக்கும் அரை நிமிடம் எங்கள் இருவருக்கும் சொந்தமாக இருந்தது. தினசரி வாழ்வில் தெய்வம் என்று ஒருவர் சொன்னால் எனக்கு அந்த அரை நிமிடம்தான் நினைவுக்கு வருகிறது. அதை நான் பாடம் தேடிப் பெறவில்லை. அவருக்கு என்ன வேண்டும் என்று பார்த்தபோது கிடைத்தது.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். எந்தப் பக்தியையும் காரணமாகக் காட்டி இதை நீங்கள் தனியாகச் சுமக்கக் கூடாது. உங்கள் கணவருக்கு அவர் தாய். நாத்தனாருக்கும் தாய். வாரத்தில் இரண்டு இரவாவது அவர் பக்கத்தில் கணவர் படுக்கட்டும். மாதத்தில் சில நாள் நாத்தனார் வந்து இருக்கட்டும். ‘முடிந்தால் வாருங்கள்’ என்று சொல்லாதீர்கள். எந்தத் தேதி என்று சொல்லிக் கேளுங்கள். தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021-லிருந்து நடக்கிறது. படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வலி தணிக்கும் பராமரிப்பும் வீட்டுக்கே வந்து தருவதும் அதில் அடக்கம். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துவையுங்கள். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைப்பது எப்படி என்று வருகிறவர்களிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள், கணவரையும் பக்கத்தில் நிறுத்தி. கோபம் கைக்கு வந்துவிடுமோ என்று தோன்றினால், விரிப்பு அப்படியே கிடந்தாலும் பரவாயில்லை, வாசலுக்கு வந்து நில்லுங்கள். கணவரிடமும் மனம்விட்டுச் சொல்லுங்கள்.

கடைசியாக அந்த நாலு மணித் தட்டல். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த இடம் அதுதான். நனையவில்லை, தாகமில்லை, தினமும் அதே நேரம் என்கிறீர்கள். வலப்பக்கம் விழுந்து பேச்சும் போனவர்களில் பலருக்கு நாம் சொல்வது புரியும். பதில் சொல்லத்தான் வராது. ஒரு பக்கமாகவே கிடந்து இடுப்பு வலிக்கிறதா, முதலில் அதைப் பாருங்கள். இல்லையென்றால், நடமாடிய காலத்தில் விடிகாலை நாலு மணிக்கு அத்தை என்ன செய்துகொண்டிருந்தார்? பால் கறந்தாரா, வாசல் தெளித்தாரா, மகனை எழுப்பிப் படிக்க உட்கார வைத்தாரா? உங்கள் கணவருக்குத் தெரிந்திருக்கும், இன்று இரவே கேளுங்கள். பிறகு ஒவ்வொன்றாக அத்தையிடம் சொல்லி, ‘ஆமாம் என்றால் என் கையை அழுத்துங்கள் அத்தே’ என்று உங்கள் கையை அவர் இடது கைக்குள் வையுங்கள். எதற்கு அழுத்தினார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.